ஒய்யாரம் பிறந்த வருடம்

ஜூன் 12, திங்கள்

இன்று காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு உலக எழுத்து வரலாறு ஒரு கணம் நின்று மூச்சு வாங்கியது. அந்த நேரத்தில் நான் பின்கட்டில் தண்ணீர் மோட்டாரின் மூடியைக் கழற்றி, உள்ளே காயில் கம்பிச்சுருள் கருகிவிட்டதா என்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரவர்த்தியாகவே இருந்தாலும் மோட்டாரை அவன்தான் மோந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

என் அக்கா மகள் உலகேஸ்வரி வந்தாள். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். வீட்டு முன்கூடத்தில் எட்டு மிஷின்கள், எட்டுப் பெண்கள். புருஷன் இறந்து மூன்று வருடம் ஆகிறது. கையில் ஜெராக்ஸ் தாள் இரண்டு வைத்திருந்தாள்.

"மாமா, இதக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். என் உடம்பில் உள்ள ஒன்றரை லட்சம் மயிர்களும் எழுந்து நின்று வணக்கம் வைத்தன. தாள் முழுக்க ஒய்யாரம். நான் பெற்ற எழுத்துரு.

"எவ்வளவு லட்சணமா அடிச்சிருக்கான் பாரு. தலைப்புக்கு ரெண்டு பக்கமும் எப்படி எடம் விட்டிருக்கான். எவனோ ரசனைக்காரன்."

"மாமா, எழுத்தப் பாக்காதீங்க. வாசிங்க."

வாசித்தேன். அது ஒரு உயில். உலகுவின் மாமனார் வீடு முழுவதையும் மூத்த மகன் பிரமநாயகத்துக்கே எழுதி வைத்திருக்கிறார். தேதி 2001 செப்டம்பர் 9. மனிதர் காலமானது 2002-இல். அதன்பிறகு இருபது வருடம் இந்த உயில் எந்தக் குகையில் தவம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. உயில் இல்லையென்றால் வீட்டில் பாதி உலகுவுக்கும் அவள் மகளுக்கும். உயில் நிஜம் என்றால் எட்டு மிஷினும் தெருவில். பிரமநாயகம் கேஸ் போட்டுவிட்டான். கையெழுத்து பொருந்துகிறது என்று கையெழுத்து நிபுணர் சொல்லிவிட்டார். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் உயிரோடு இல்லை. இன்னொருவர் பிரமநாயகத்தின் மச்சினன்.

"ஏட்டி, 2001-ல ஒய்யாரம் ஏது?"

வாய் தவறி வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னீய?"

"இந்த எழுத்து அப்ப இல்லியே. அஞ்சு வருஷம் கழிச்சுல்லா வந்துது."

அப்படியே மோட்டார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப உயிலு பொய். அத நீங்க கோர்ட்டுல வந்து சொல்லுவீயளா மாமா?"

"கோர்ட்டென்ன கோர்ட்டு, ஐ.நா. சபையில சொல்லுவேன்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஒரே ஒரு சின்னச் சங்கதி இருக்கிறது. மிகவும் சின்னது. அதை நாளைக்கு எழுதலாம். மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்தாயிற்று.

ஜூன் 13, செவ்வாய்

ஒய்யாரத்தைப் பற்றி வருங்கால சந்ததிக்காக.

தமிழ் எழுத்தில் பெரும்பாலானவை ஒரே தடிமனில் ஓடும் கோடுகள். நூடுல்ஸை வளைத்து வைத்தது போல. ஒய்யாரம் அப்படியல்ல. அதில் நிமிர்ந்து நிற்கும் கோடு யானையின் கால். படுத்திருக்கும் கோடு கொசுவின் மீசை. யானைக்காலிலிருந்து கொசுமீசைக்கு இறங்கும் அந்த வளைவில்தான் உயிர். ஒவ்வொரு கோடும் முடியும் இடத்தில் சிறு பாதம் ஒன்று, நாட்டியக்காரி கடைசித் தட்டுக்கு ஊன்றுவது போல. கல்யாணப் பத்திரிகை, நகைக்கடை விளம்பரம், பத்திரிகைத் தலைப்பு எங்கும் இதுதான். திருநெல்வேலியிலிருந்து சிங்கப்பூர் வரை தமிழ் வாசிப்பவன் எவனும் ஒரு நாளில் ஒரு தடவையாவது என் எழுத்தின் முன் தலை குனிகிறான். வாசிக்கத்தான் குனிகிறான். அதனால் என்ன.

சின்னச் சங்கதியை எழுத நேரமில்லை. கேஸ் சிலிண்டர்காரன் வந்துவிட்டான்.

ஜூன் 15, வியாழன்

உலகுவின் வக்கீலைப் பார்க்கப் போனோம். பெயர் பேச்சியம்மாள். முப்பது வயது இருக்கலாம். மேசையில் ஒரு தூசி கிடையாது. இப்படிப்பட்டவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

"ஐயா, ஜூலை மூணு உங்க சாட்சியம். ஒய்யாரம் எந்த வருஷம் வந்துச்சு?"

"2006."

"வரைஞ்ச தாள் இருக்கா? தேதி போட்டது?"

"கரையான் தின்னுட்டு."

"எல்லாத்தையுமா?"

"எங்க வீட்டுக் கரையானுக்கு இலக்கிய ருசி அதிகம்."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். "கம்ப்யூட்டர் ஃபைலோட தேதிய மாத்திரலாம்னு அவங்க சொல்லுவாங்க. அதனால உங்க வார்த்தைதான் நமக்கு எல்லாம். இன்னொண்ணு. இதுக்கு முன்னாடி எங்கயாவது, பேட்டியிலயோ புஸ்தகத்துலயோ, நீங்களே வேற வருஷம் சொல்லியிருக்கீங்களா?"

அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. கடும் இருமல். பக்கத்து அறை குமாஸ்தா தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். நான் தெளிந்தபோது பேச்சு வேறு எங்கோ போயிருந்தது.

ஜூன் 16, வெள்ளி

என் மனைவி சண்முகவடிவு இட்லிக்கு ஊறப் போட்டபடி கேட்டாள், "வக்கீலம்மாட்ட ஒங்க புஸ்தகத்தப் பத்திச் சொன்னீயளா?"

"எந்தப் புஸ்தகம்?"

"ஊரெல்லாம் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீயளே, அது."

சரி, எழுதிவிடுகிறேன். 2010-இல் ஒய்யாரத்தின் மாதிரிகளைத் தொகுத்து நாற்பது பக்கத்தில் ஒரு புத்தகம் போட்டேன். முன்னுரையில் இப்படி இருக்கிறது: "1994-ஆம் வருடத்து ஐப்பசியில், தாமிரபரணி கரைபுரண்ட மழையில், ஒற்றை ஆளாக, ஒற்றைத் தூரிகையால், ஒய்யாரத்தின் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் வரைந்து முடித்தேன்."

"94-ல எங்க வெள்ளம் வந்துச்சு?" என்றாள் வடிவு. "வெள்ளம் வந்தது 92-ல. 94-ல நீங்க ரேசன் கடைக்கு வெலப்பலகை எழுதிட்டு இருந்தீய."

"அது ஒரு காவிய மரபு. காவியத்துல வருஷம் முன்னப்பின்ன இருக்கும்."

"கரையான் மரபும் அப்படித்தானா? அந்தத் தாளையெல்லாம் புஸ்தகம் அச்சுக்குப் போன வாரம் நீங்கதான் பழைய பேப்பர்காரன்ட்ட தூக்கிப் போட்டீய. நான் வேண்டாம் வேண்டாம்னேன்."

மறந்துவிட்டேன். மனிதனுக்கு மறதி உண்டு.

ஜூன் 18, ஞாயிறு

பிரமநாயகம் வந்தான். கூடவே ஒரு கூடை மாம்பழம், ஒவ்வொன்றும் குழந்தை தலை அளவு.

உட்கார்ந்தான். மழையைப் பற்றிப் பேசினான். என் முழங்கால் வலியை விசாரித்தான். அப்புறம் தோள்பையிலிருந்து எதையோ எடுத்து மேசையில் வைத்தான். என் புத்தகம். உலகுவின் கல்யாணத்தில் நானே அவனுக்குக் கொடுத்தது. முதல் பக்கத்தில் என் கையெழுத்து, குதிரை வால் மாதிரி சுழித்துக்கொண்டு.

"அண்ணாச்சி, இத நான் எத்தன தடவ வாசிச்சிருக்கேன் தெரியுமா? மழை, ஆறு, ஒத்த ஆளு. வாசிக்க வாசிக்கப் புல்லரிக்குது."

"அப்படியா."

"94-ல செஞ்ச எழுத்து. 2001-ல எங்க அப்பா எவனையோ வச்சு அதுல உயில் அடிச்சிருக்காரு. பொருத்தமாத்தான இருக்கு?" மெதுவாகப் பக்கத்தைப் புரட்டினான். "சாட்சிக் கூண்டுல ஏறி நீங்க வேற வருஷம் சொன்னா, எங்க வக்கீல் இதக் காட்டி நாலு கேள்வி கேப்பாரு. அதெல்லாம் நமக்கு எதுக்கு? ஒங்க பேருக்கு ஒரு சொட்டு மை படக் கூடாதுன்னு நெனைக்கேன்."

எழுந்து கை கூப்பினான். புத்தகத்தை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டான்.

அவன் முட்டாள் இல்லை. எந்த எழுத்தில் அடித்தால் தேதி மாட்டிக்கொள்ளாது என்று யோசித்திருக்கிறான். சாட்சிக்கு என் முன்னுரையை வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறான். என்னை இவ்வளவு முழுமையாக நம்பிய வாசகன் உலகத்தில் வேறு ஒருவனும் இல்லை.

ஜூன் 19, திங்கள்

மாம்பழத்தை யாரும் தொடவில்லை.

ஜூன் 21, புதன்

மோட்டார் வந்தது. ஓடுகிறது. உறுமுகிறது.

உலகு போன் செய்தாள். "வக்கீலம்மா உங்க வாக்குமூலத்த டைப் பண்ணிட்டாங்களாம் மாமா. நீங்க வந்து வாசிச்சுக் கையெழுத்துப் போடணுமாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "மிஷின்காரப் பிள்ளைகள் வேற வேலை தேடட்டுமா அக்கான்னு கேக்காவ. ஜூலை மூணு வர பொறுங்கட்டி, எங்க மாமா இருக்காருன்னு சொல்லிருக்கேன்" என்றாள்.

எங்க மாமா இருக்காரு. இந்த மூன்று சொல்லையும் எந்த அளவில் அச்சடித்தாலும் கனமாகத்தான் இருக்கும்.

எனக்கு ஒரு மகத்தான யோசனை தோன்றியது. "1994-இல் மனத்தில் உதித்தது, 2006-இல் தாளில் முடிந்தது." இதைச் சொன்னால் முன்னுரையும் பிழைக்கும், உலகுவும் பிழைப்பாள். வடிவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"மனசுல உதிச்சுதா?"

"ஆமா."

"சரி, அவன் வக்கீல் கேப்பான்லா: உதிச்சதுல நாலு எழுத்த 2001-ல யாருக்காவது வரைஞ்சு குடுத்திருப்பீரோன்னு. அப்ப என்ன சொல்லுவீய?"

இவள் சட்டம் படித்திருந்தால் நாட்டில் பாதி வக்கீல்கள் பட்டினி கிடந்திருப்பார்கள்.

ஜூன் 23, வெள்ளி

மனம் சரியில்லாத நாளில் வேடிக்கையான பழைய கதை ஒன்றை எழுதுவது நல்லது.

2007 மே மாதம். ஒய்யாரம் வெளியாகி ஒரு வருடம். ஒரு கல்யாண வீட்டார் பத்திரிகைக் கட்டோடு, எழுத்து வரையும் என் கடைக்குள் நுழைந்தார்கள். மணமகன் பெயர் சரவணன். ர என்பது பார்ப்பதற்குத் துணைக்கால் மாதிரிதான். அடியில் சின்ன வால் ஒன்று சாய்ந்து இறங்குவதால்தான் அது ர. ஒய்யாரத்தில் அந்த வால் கொசுமீசை. பொடி எழுத்தில் அச்சடித்தபோது வால் மையில் ஏறவே இல்லை. ர, துணைக்கால் ஆகிவிட்டது. எண்ணூறு பத்திரிகையிலும் மணமகன் "சாவணன்."

"கல்யாணப் பத்திரிகையில சாவுன்னு போட்டிருக்கீரே, வெளங்குவீரா?" என்று பெண்ணின் தாய்மாமன் என் மேசையைத் தட்டியதில் மைக்கூடு துள்ளி விழுந்தது. தெருவே கூடிவிட்டது. "ஒய்யாரம்" என்ற பெயரையே பொடியில் அடித்தால் ர காணாமல் போய் இரண்டு கால் அடுத்தடுத்து நிற்கிறது என்று எவனோ கூட்டத்திலிருந்து கண்டுபிடித்துச் சொன்னான்.

நான் கலங்கவில்லை. கூட வேலை பார்த்த ஒரு பெண் இருந்தாள், அவளைக் காட்டி, "மெல்லிசு கோடெல்லாம் இவ போட்டது. என்னைய ஏன் கேக்கீய?" என்றேன். கூட்டம் கலைந்தது. அந்தப் பெண் அன்றே ஒரு தாளில் ர-வின் வாலைத் தடிப்பாக்கி, தேதியும் இனிஷியலும் போட்டு, கணினியிலும் மாற்றி ஏற்றி வைத்தாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை. தன் தாள்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் உயிலின் ஜெராக்ஸை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எல்லா ர-விலும் வால் இருக்கிறது. பொடி எழுத்தில்கூட. தடிப்பான வால்.

2007 மே மாதத்துக்கு முன்னால் அந்த வால் உலகத்தில் கிடையாது. அதற்கு அத்தாட்சி ஒரே ஒரு தாள். அது என்னிடம் இல்லை.

நினைத்த அளவு இது வேடிக்கையான கதையாக வரவில்லை.

ஜூன் 24, சனி

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட இன்றும் போகவில்லை. முழங்கால்.

ஜூன் 26, திங்கள்

நாசரேத்துக்கு பஸ் ஏறினேன்.

ர-வின் வாலைத் தடிப்பாக்கிய அந்தப் பெண், எஸ்தர் ஜெபமணி, இப்போது அங்கே நடுநிலைப் பள்ளியில் ஓவிய டீச்சர். சாயங்காலம் வீட்டு வாசலில் கால் மணி நேரம் நின்றேன். கதவைத் தட்ட வேண்டிய கை, பையைப் பிடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அவளே வெளியே வந்தாள். தலையில் நரை. கண்ணாடி.

"கொம்பையா சாரா? பதினாறு வருஷம் ஆச்சு. உள்ள வாங்க."

மேசையில் பிள்ளைகளின் ஓவிய நோட்டுகள் அடுக்கியிருந்தன. டீ கொடுத்தாள். நான் உயிலைப் பற்றியும் உலகுவைப் பற்றியும் எட்டு மிஷினைப் பற்றியும் சொன்னேன். மிகையில்லாமல் சொன்னேன் என்றே நினைக்கிறேன். அவள் ஜெராக்ஸை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"நான் போட்ட ர" என்றாள்.

"ஆமா."

"2003-ல ஒங்ககிட்ட சேந்தேன். மூணு வருஷம் மெல்லிசு கோடு முழுக்க நான் போட்டேன். ஒங்க புஸ்தகத்த நானும் வாசிச்சேன் சார். எங்க ஸ்கூல் லைப்ரரிக்கு யாரோ குடுத்தாங்க. மழை, ஆறு, ஒத்த ஆளு." நோட்டு ஒன்றை மூடி வைத்தாள். "பழி வந்தப்ப மெல்லிசு கோடு என்னது. மாலை வந்தப்ப எல்லாக் கோடும் ஒங்களது."

இதற்குத் தகுந்த பதில் ஒன்றை நான் சொன்னேன். என்ன பதில் என்று இப்போது ஞாபகம் வரவில்லை.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எஸ்தர், நீ இல்லன்னா ஒய்யாரமே இல்ல. நீதான் அதுக்குத் தாய். நான் வெறும் எடுபிடி. கோர்ட்டுல நான் சொல்லப்போறேன், இருநூத்தி நாப்பத்தேழு எழுத்தும் நீ போட்ட..."

"நிறுத்துங்க சார்."

நிறுத்தினேன்.

"என்னையும் ஊதிப் பெருசாக்காதீங்க. ஒங்க தடிச்ச கோடு நல்லாத்தான் இருந்துச்சு. வளைவு உங்களது, தடிப்பு உங்களது. மெல்லிசு நான். பாதம் ரெண்டு பேரும் சண்டை போட்டுப் போட்டோம். நடந்தத மட்டும் சொல்லுங்க. அது போதும்."

உள்ளே போய் ஒரு பெரிய உறையைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் பொடியாக 'எ.ஜெ.', கீழே தேதி. 2003, 2004, 2005. கடைசித் தாளில் தனியாக ர. 2007 மே 21.

"இது அந்தப் பொண்ணுக்காகத் தாரேன். நானும் வந்து சாட்சி சொல்லுதேன். ஆனா நீங்க மொதல்ல சொல்லணும். நான் சொல்லி முடிச்ச பெறகு நீங்க ஆமான்னு தலையாட்டக் கூடாது."

கடைசி பஸ்ஸில் உறையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர், "என்ன, எக்ஸ்ரேயா? ரொம்ப முடியலியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூன் 27, செவ்வாய்

பேச்சியம்மாள் அறையில் உறையை வைத்தேன். புத்தகத்தையும் வைத்தேன். உலகுவும் இருந்தாள். முன்னுரையில் வருஷம் பொய் என்பதையும் மெல்லிசு கோடு எஸ்தருடையது என்பதையும் சொன்னேன். வக்கீல் முன்னுரையை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத முதல் நாளே கேட்டேன் ஐயா."

"இருமல்" என்றேன்.

பழைய வாக்குமூலத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக டைப் செய்யச் சொன்னார். உலகு ர தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று என்னைக் கேட்கவில்லை. நானாகவும் அதைச் சொல்லவில்லை.

ஜூலை 2, ஞாயிறு

சட்டையை மூன்று முறை இஸ்திரி போட்டேன்.

ஜூலை 3, திங்கள்

கூண்டு என்று ஒன்றும் பெரிதாக இல்லை. இடுப்பளவு மரச்சட்டம். பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

பிரமநாயகத்தின் வக்கீல் அழகியநம்பி. வெண்ணெய் மாதிரிப் பேச்சு. புத்தகத்தை என் கையில் கொடுத்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"இதுல 1994-னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"வாக்குமூலத்துல 2006-ங்கிறீங்க. அப்ப பொய் சொன்னீங்களா, இப்ப பொய் சொல்றீங்களா?"

"அப்ப."

கோர்ட்டில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். பிரமநாயகம் முதல் வரிசையில் இருந்தான். உலகு கடைசி வரிசையில், எஸ்தருக்குப் பக்கத்தில்.

"இந்தப் புஸ்தகம் வந்து பதிமூணு வருஷம். இதுவர ஒருத்தர்கிட்டயும் திருத்திச் சொல்லல. இப்ப சொந்த அக்கா மக கேஸ்னதும் வருஷம் மாறுது. கோர்ட்டு இத நம்பணும். அப்படித்தான?"

"நம்புறதுக்குத்தான் தாள் குடுத்திருக்கேன்."

"தாள் இருக்கட்டும். ஒரு மனுஷன் எதுக்காகத் தன் எழுத்து பிறந்த வருஷத்தப் பன்னெண்டு வருஷம் முன்னால தள்ளிப் போடணும்? காரணம் என்ன?"

இந்தக் கேள்வியை வடிவு கேட்கவில்லை. எங்கள் வக்கீல் கேட்கவில்லை. எஸ்தரும் கேட்கவில்லை, அவளுக்குத் தெரியும். பெருமைக்காக என்று சொல்லியிருக்கலாம். கேட்டவர்கள் நம்பியிருப்பார்கள்.

"எஸ்தர் ஜெபமணி என்கிட்ட வேலைக்குச் சேந்தது 2003-ல. அவங்க வர்றதுக்கு முன்னாடியே எழுத்து முடிஞ்சதுன்னு போட்டா, அவங்களுக்குப் பங்கு இல்லேன்னு ஆயிரும். அதுக்காகப் போட்டேன்."

பதிவு செய்துகொண்டிருந்த டைப்பிஸ்ட் கையை உயர்த்தினார். "கொஞ்சம் நிதானமா இன்னொரு தடவ சொல்லுங்க. விட்டுப்போச்சு."

இரண்டாம் முறை சொன்னேன். அவர் விரல் ஓடும் வேகத்துக்கு, சொல் சொல்லாக. வாழ்நாளில் நான் எதையும் இரண்டாம் தடவை சொல்லும்போது அது முதல் தடவையைவிட வளர்ந்திருக்கும். இன்று வளரவில்லை.

அழகியநம்பி விடவில்லை. "1994-ல ஒரு எழுத்துகூட இல்லையா? மனசுலகூட?"

"மனசுல எனக்கு எப்பவும் நெறைய இருக்கும் ஐயா. தாள்ல ஒண்ணும் கெடையாது. அந்த வருஷம் நான் ரேஷன் கடைக்கு வெலப்பலகை எழுதிட்டு இருந்தேன்."

நீதிபதி ர தாளையும் உயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார். "மெல்லிய கோடு இல்லேன்னா இந்த எழுத்து எப்படி இருக்கும்?"

"வெலப்பலகை மாதிரி இருக்கும் ஐயா."

அடுத்து எஸ்தரை அழைத்தார்கள். தாண்டிப் போகும்போது என்னைப் பார்க்கவில்லை. கூண்டில் ஏறி, "தடிச்ச கோடு அவரு, மெல்லிசு கோடு நான்" என்று சொன்னது கதவு வரை கேட்டது. அவளை மூன்றே கேள்வி கேட்டுவிட்டு அழகியநம்பி உட்கார்ந்துவிட்டார்.

ஜூலை 5, புதன்

ஒரு பத்திரிகையாளன் போன் செய்து, "ஐயா, அப்ப ஒய்யாரம் உங்களது இல்லியா?" என்றான். பாதி என்றேன். எந்தப் பாதி என்று கேட்டான். குண்டுப் பாதி என்றேன்.

ஜூலை 10, திங்கள்

காலையில் பேச்சியம்மாள் போன் செய்தார். உயிலை வலியுறுத்தப் போவதில்லை என்று எதிர்த்தரப்பு எழுதிக் கொடுத்துவிட்டதாம். வேறு வழியில்லை, தொடர்ந்தால் போலி ஆவணம் என்று கிரிமினல் கேஸ் வரும். வீட்டில் பாதி உலகுவுக்கும் மகளுக்கும் நிற்கும். மிஷின்கள் நகர வேண்டியதில்லை.

கொஞ்ச நேரத்தில் உலகுவே கூப்பிட்டாள். பின்னால் மிஷின்கள் எல்லாம் ஓடுகிற சத்தம்.

"மாமா, கேள்விப்பட்டீயளா?"

"கேட்டேன்டி."

"பிள்ளைகள் எல்லாம் சாக்லெட் வாங்கித் திங்குதாளுவ. எம்மவ தாத்தாவ கூப்பிடு கூப்பிடுன்னு ஒரே பிடி." மிஷின் பக்கமிருந்து கொஞ்சம் தள்ளி வந்தாள் போல. "அவ ஒண்ணு கேட்டா மாமா. தாத்தா அந்தப் புஸ்தக வெவரத்த ஏன் மொதல்லயே சொல்லலன்னு. வயசாயிட்டுலா, ஞாபகம் இருந்திருக்காது, நாசரேத்துக்குப் போன எடத்துலதான் ஞாபகம் வந்திருக்கும்னு சொன்னேன். அப்படித்தான மாமா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கூண்டு இல்லை, டைப்பிஸ்ட் இல்லை. அவளே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"இல்ல" என்றேன். "நீ உயிலக் கொண்டுவந்த அன்னைக்கே தெரியும்."

அவள் முணுமுணுத்து நாள் எண்ணுவது கேட்டது.

"பதினஞ்சு நாளு மாமா."

"ஆமா."

"அந்தப் பதினஞ்சு நாளும் நான் ஒரு வாய் ஒழுங்காத் திங்கல."

"தெரியும்."

யாரோ அவளிடம் காஜா நூல் கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வந்தாள்.

"மதியம் நீங்களும் அத்தையும் சாப்பிட வாங்கன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். இன்னைக்கு வேண்டாம் மாமா. இன்னொரு நாள் சொல்லுதேன்."

"சரிம்மா."

வைத்துவிட்டாள். வடிவு புதுச் சேலை கட்டி முடித்து, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்து, எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்று கேட்டாள். இன்று வீட்டிலேயே சாப்பாடு என்றேன். ஏன் என்று கேட்டாள். உட்காரச் சொல்லி, ஏன் என்று சொன்னேன்.